வீதியில் எண்ணப்படுவோர் யாவர்? – டில்லி விரைவுப் பஸ் தடம் புகட்டும் பாடம்

ஒரு நகரத்தின் வீதி எவருக்கு உரியது என்ற வினாவுக்கு அந்நகரத்தின் சட்டப் புத்தகங்களில் விடை தேடுவது வீண் முயற்சியாகும். வீதியோரத்தில் நின்று போக்குவரத்தைக் கணக்கெடுப்பவரின் தாளில் எதற்காக ஒரு கோடு இழுக்கப்படுகின்றது என்பதை நோக்கினால் அவ்விடை எளிதிற் கிடைத்துவிடும். ஒருவர் மாத்திரம் அமர்ந்து செல்லும் காருக்கு ஒரு கோடு. அறுபது பேரைச் சுமந்து செல்லும் பஸ் வண்டிக்கும் ஒரு கோடு; சில கணக்கெடுப்புகளில், பெருந்தன்மையோடு, மூன்று கோடுகள். இக்கோடுகளின் கூட்டுத்தொகையே பின்னர் திட்டமாகின்றது, திட்டம் கொங்கிறீற்றாகின்றது. அறுபது பேரில் ஐம்பத்தேழு பேர் தாளிலேயே தொலைந்துபோன பின்னர், வீதியில் அவர்களுக்கு இடமில்லையே என்று அங்கலாய்ப்பதிற் பயன் யாது?

இக்கணக்கு முறை எத்துணை வலிமை வாய்ந்தது என்பதை அறிய விரும்புவோர், டில்லி மாநகரின் தென்பகுதியில் 2008 ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டு 2016 ஆம் ஆண்டில் இடித்தழிக்கப்பட்ட விரைவுப் பஸ் தடத்தின் வரலாற்றைப் பயிலல் வேண்டும். அத்தடம் "தோல்வியுற்ற திட்டம்" என்றே இன்று பெரும்பாலும் குறிப்பிடப்படுகின்றது. பயணிகள் ஏறாமையாலே தோற்ற திட்டங்கள் உலகிற் பல உள. ஆனால் டில்லித் தடம் அவ்வகையைச் சார்ந்ததன்று. ஏறுவதற்கு மக்கள் இருந்தனர்; நாள்தோறும் ஏறவும் செய்தனர். ஏறியோர் எண்ணப்படாதமையே அதனை வீழ்த்தியது. கொழும்பின் புறநகர் வீதிகளில் பஸ்ஸுக்குத் தனியிடம் ஒதுக்குவது பற்றிப் பேசப்பட்டு வரும் சூழலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்துகொள்ளுதல் அவசியமாகும்.

முதலில் இடத்தையும் மக்களையும் நோக்குவோம். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீற்றர் தூரத்துக்கு இத்தடம் அமைந்தது. அதன் தென்முனையில் அம்பேத்கர் நகர், தட்சிண்புரி, மதன்கீர் ஆகிய குடியிருப்புகள் உள்ளன. நகரின் நடுவிலிருந்த சேரிகளினின்றும் அப்புறப்படுத்தப்பட்ட உழைக்கும் மக்கள் கொண்டுபோய் அமர்த்தப்பட்ட மீள்குடியேற்றப் பகுதிகள் இவை. வடமுனையை நெருங்க நெருங்கப் பஞ்சசீல், கிரேட்டர் கைலாஷ், டிஃபென்ஸ் கொலனி என வசதி படைத்தோரின் வதிவிடங்கள் தொடர்கின்றன. தென்முனையில் உள்ளோர் வீட்டு வேலைக்காரராகவும், கடைச் சிற்றாள்களாகவும், காவலாளிகளாகவும், கட்டடத் தொழிலாளராகவும் நாள்தோறும் வடக்கு நோக்கிச் செல்வர். நடுவிலும் வடக்கிலும் உள்ளோர் தத்தம் அலுவலகங்களுக்குக் காரிற் செல்வர். இரு வர்க்கத்தினரும் ஒரே வேளையில் ஒரே வீதியை வேண்டிநின்றனர். 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி டில்லிக் குடும்பங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிடமே கார் இருந்தது என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

தடத்தின் அமைப்பு எளிமையானது. டில்லி இந்தியத் தொழினுட்பக் கழகத்தைச் சார்ந்த போக்குவரத்து ஆய்வாளர்களின் எண்ணத்தில் உருவான அத்திட்டத்தின்படி, வீதியின் நடுவில் இரு திசைக்கும் ஒவ்வொரு தடம் பஸ்ஸுக்கென ஒதுக்கப்பட்டது. அதன் இருமருங்கிலும் திசைக்கு இரண்டு தடங்கள் கார் முதலிய ஏனைய மோட்டார் வாகனங்களுக்கு விடப்பட்டன. ஓரங்களிற் சைக்கிளுக்குத் தனிப்பாதையும் நடப்போருக்கு நடைபாதையும் அமைந்தன. நகரின் மையத்திலுள்ள டில்லி கேற் வரை, 14.5 கிலோமீற்றருக்கு அது நீளவேண்டும் என்பதே மூலத் திட்டம். எஞ்சிய பகுதி ஒருபோதும் அவ்வாறு கட்டப்படவில்லை. பாதியிலும் குறைந்த நீளமுடைய தடம் ஒன்றைக் கட்டிவிட்டு, முழுத் தடத்தின் பயனை அதனிடம் எதிர்பார்த்ததுதான் முதலாவது அநீதி.

2008 ஏப்ரில் மாதத்திற் பரீட்சார்த்தமாகத் தடம் திறக்கப்பட்டபோது குழப்பங்கள் பல நேர்ந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. சமிக்ஞை விளக்குகள் சரிவர இயங்கவில்லை. பழுதடைந்த பஸ்கள் தடத்தை அடைத்து நின்றன. சிராக் டில்லிச் சந்தியில் கார்கள் நீண்ட வரிசையிற் தேங்கின. தரிப்பிடங்கள் வீதியின் நடுவில் அமைந்தமையால் பயணிகள் வாகன ஓட்டத்தினூடே கடந்து செல்லவேண்டியிருந்தது, கடந்தோர் விபத்துக்குள்ளாயினர். எல்லாவகைப் பஸ்களும் தடத்தினுள் நுழையலாம் என்ற ஏற்பாட்டினால் தனியார் பஸ்களின் ஒழுங்கீனமும் உடன் நுழைந்தது. இவை யாவும் உண்மையான குறைகள். இவற்றைச் சுட்டிக்காட்டிய ஒவ்வொருவரையும் செல்வந்தரின் கையாள் எனல் நேர்மையாகாது. ஆயினும் சமிக்ஞை பழுதாயின் அதனைத் திருத்துவர். கடவை ஆபத்தானதாயின் அதனைப் பாதுகாப்பானதாக்குவர். எந்தவொரு மேம்பாலத்திலும் விபத்து நிகழ்ந்தமைக்காக அம்மேம்பாலத்தை இடித்ததாக வரலாறு இல்லை. பஸ் தடத்தின் குறைகள் மாத்திரம் ஏன் திருத்தத்துக்குரியனவாகக் கருதப்படாது மரண தண்டனைக்குரியனவாகக் கருதப்பட்டன என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடையாகப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் மீண்டும் மீண்டும் ஒரு காட்சி காட்டப்பட்டது. ஒருபுறம் கார்கள் அசையாது நிற்கின்றன. மறுபுறம் பஸ் தடம் வெறுமையாய்க் கிடக்கின்றது. "இவ்வெற்றிடத்தைக் காருக்குத் திறந்துவிட்டால் நெரிசல் தீருமே" என்பது வாதம். பார்வைக்கு இதனினும் நியாயமான வாதம் வேறில்லை. ஆனால் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு ஒரு பஸ் ஒரு தடத்திற் செல்வதாகவும் அதில் ஐம்பது பேர் உள்ளதாகவும் கொண்டால், மணிக்கு 3,000 பேர் அத்தடத்தால் நகர்வர். அருகிலுள்ள கார்த் தடத்தில் மணிக்கு 800 கார்கள் செல்வதாகவும், தாராளமாகவே காருக்கு இருவர் வீதம் இருப்பதாகவும் கொண்டால் 1,600 பேர் நகர்வர். இருமடங்கு மக்களை நகர்த்தும் தடம், ஒவ்வொரு நிமிடத்தின் பெரும்பகுதியிலும் வெறுமையாகவே தோற்றமளிக்கும். அரைவாசி மக்களை நகர்த்தும் தடமோ எந்நேரமும் நிறைந்திருப்பதாகத் தோன்றும். வெறுமையாய்த் தோன்றுதல் ஒரு பஸ் தடம் செவ்வனே இயங்குகின்றது என்பதற்கான அடையாளம். அது நிறைந்து காணப்படும் நாளிலேதான் தோற்றுவிட்டது எனக் கொள்ளவேண்டும். கார்க் கண்ணாடியினூடே நோக்கிய படப்பிடிப்புக் கருவி இவ்வுண்மையைக் கண்டுகொள்ளவில்லை.

படப்பிடிப்புக் கருவி மாத்திரமன்று, பொறியியலாளரின் சூத்திரமும் அதே கண்ணாடியினூடேதான் நோக்குகின்றது. போக்குவரத்துப் பொறியியலில் "பயணிகள் கார் அலகு" என ஓர் அளவை உண்டு. பல்வகை வாகனங்களையும் ஒரே அலகாக மாற்றி, ஒரு வீதி எவ்வளவு போக்குவரத்தைத் தாங்கும் என மதிப்பிட அது பயன்படுகின்றது. இதன்படி கார் ஒன்று எனில், பஸ் ஏறத்தாழ மூன்று. சைக்கிள் ஏறத்தாழ அரை. வீதியில் ஒரு வாகனம் எவ்வளவு இடத்தை அடைக்கின்றது என்பதை அளப்பதற்கு இவ்வளவை பொருத்தமானதே. ஆனால் வீதி எவ்வளவு பயனைத் தருகின்றது என அளப்பதற்கும் அதனையே பயன்படுத்துமிடத்து விபரீதம் விளைகின்றது. அப்போது இடத்தை மிகுதியாக அடைப்பவன் மிகுதியாகப் பயன் தருபவனாகக் கணிக்கப்படுகின்றான்; நெருக்கியடித்துக்கொண்டு குறைந்த இடத்திற் செல்பவன் கணக்கினின்றும் மறைந்துவிடுகின்றான். அளவுகோல் நடுநிலையானது எனப் பல்கலைக்கழகங்கள் போதித்து வருகின்றன. எந்த அளவுகோலும் அது எதனை அளக்கவென ஆக்கப்பட்டதோ அதன் பக்கமே சாய்ந்திருக்கும் என்பதைச் சமூக விஞ்ஞானம் பயிலும் மாணவர் அறிவர்.

2012 ஆம் ஆண்டில் இவ்விரு கணக்குகளும் நீதிமன்றத்தில் நேருக்கு நேர் மோதின. பஸ் தடத்தை நீக்கவேண்டும் எனக்கோரி ஓர் அமைப்பு டில்லி மேல் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. மத்திய வீதி ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வொன்றை நடத்தி, தனித்தடம் இன்றியிருப்பதே வாகன ஓட்டத்துக்கு நல்லது எனக் கருத்துரைத்தது. அவ்வீதியிற் செல்லும் வாகனங்களுள் பஸ்கள் நூற்றுக்கு ஒரு சிலவே; ஆனால் நெரிசல் வேளையில் அவ்வீதியாற் செல்லும் மக்களுள் ஏறத்தாழ அரைவாசியினர் அந்த ஒரு சில பஸ்களிலேயே இருந்தனர். முதலாவது தொகையை எடுப்பின் தடம் அநியாயம். இரண்டாவது தொகையை எடுப்பின் தடம் நியாயம். நீதிமன்றம் 2012 ஒக்ரோபரில் அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. நகர்த்தப்பட வேண்டியோர் மக்களே, வாகனங்களல்ல என்ற கொள்கை 2006 ஆம் ஆண்டின் இந்தியத் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையிலேயே இடம்பெற்றிருந்தது. அரசு எழுதிவைத்து மறந்துவிட்டதை நீதிமன்றம் நினைவூட்டவேண்டியதாயிற்று.

இவ்வகை விவாதங்களில், "செல்வத்தை ஆக்குவோர் காரிற் செல்வோரே, அவர்களுடைய நேரம் விலைமதிப்பற்றது" என்ற வாதம் தலைகாட்டத் தவறுவதில்லை. மூன்று வீடுகளிற் சமைத்துப் பெருக்கிவிட்டுத் திரும்பும் பெண் ஒரு மணித்தியாலம் தாமதித்தால் நாட்டின் செல்வம் குறையாதாம். அவளது தாமதத்தால் காலை உணவின்றி அலுவலகம் புறப்படும் எசமானரின் செல்வம் எங்ஙனம் ஆக்கப்படுகின்றது என்பதை இவ்வாதத்தினர் விளக்குவதில்லை.

நீதிமன்றில் வென்ற தடம் அரசியலில் தோற்றது. 2015 ஆம் ஆண்டு, எளிய மக்களின் பெயராற் பெரும்பான்மை பெற்று ஆட்சிக்கு வந்த அரசே தடத்தை அகற்றத் தீர்மானித்தது. 2016 சனவரி மாதத்தில் இடிப்பு வேலை தொடங்கிற்று. அம்மாதத்தின் ஏனைய நிகழ்ச்சியையும் சேர்த்து நோக்கினாலன்றி இதன் முரண்நகை புலப்படாது. சனவரி முதலாந் திகதி தொடக்கம் பதினைந்தாந் திகதி வரை, வளி மாசைக் குறைக்கும் பொருட்டு ஒற்றை இலக்கக் கார்கள் ஒரு நாளும் இரட்டை இலக்கக் கார்கள் மறுநாளும் ஓடவேண்டும் என அதே அரசு கட்டளையிட்டிருந்தது. காரை வீட்டில் விட்டுப் பொதுப் போக்குவரத்தை நாடுமாறு மக்களை வேண்டிற்று. முதற் பாதியிற் பஸ்ஸில் ஏறுமாறு அழைத்து, இரண்டாம் பாதியிற் பஸ்ஸின் வழியைப் பெயர்த்தெடுத்த அரசை வேறெங்கும் காண்பதரிது. மீட்கப்பட்ட இடத்தினால் எவர் நிரந்தரமாகப் பயனடைந்தனர்? மறு ஆண்டு, 2017 இல், டில்லியிற் பதிவாகிய மோட்டார் வாகனங்களின் தொகை ஒரு கோடியைக் கடந்தது. இவ்வேகத்திற் பெருகும் வாகனங்களுக்கு முன் 5.8 கிலோமீற்றர் நீளமான இரு தடங்கள் யானைப் பசிக்குச் சோளப் பொரி.

இதனோடு நிலக்கீழ் ரயிலுக்கு வழங்கப்பட்ட சலுகையை ஒப்பிடுக. டில்லி மெற்றோவின் முதற் கட்டம் 2006 ஆம் ஆண்டில் நிறைவெய்தியபோது, அதில் ஏறியோரின் தொகை திட்ட அறிக்கைகள் முன்னுரைத்ததன் அரைவாசியையும் எட்டவில்லை. அதற்காக எவரும் சுரங்கத்தை மூடுமாறு கோரவில்லை. வலையமைப்பு விரியும்போது பயணிகளும் பெருகுவர் எனப் பொறுமையோடு கூறப்பட்டது, அவ்வாறே பெருகினர். மெற்றோ வேண்டாம் என்பது வாதமன்று. பெருநகருக்கு அது தேவையே. ஆனால் எதிர்பார்த்த பயணிகள் வராத ரயிலுக்கு ஆண்டுக்கணக்காகக் காட்டப்பட்ட பொறுமை, பயணிகள் நிறைந்த பஸ்ஸுக்கு ஏன் காட்டப்படவில்லை? ரயில் மண்ணுக்கடியிலும் தூண்களின் மேலும் செல்கின்றது. காரின் இடத்தில் ஒரு முழமும் அது கேட்பதில்லை. பஸ் தடமோ நிலத்தில், அனைவரும் காண, காருக்குரியதெனக் கருதப்பட்ட இடத்தைக் கேட்டது. அதன் குற்றம் அதுவே.

அகமதாபாத் நகரின் அனுபவமும் இம்முடிவையே உறுதிசெய்கின்றது. 2009 ஒக்ரோபரில் அங்கு தொடங்கிய "ஜன்மார்க்" பஸ் தடம் அழகிய நிலையங்களோடும் ஒழுங்கான நிர்வாகத்தோடும் அமைந்து, 2010 இல் சர்வதேசப் பரிசும் பெற்றது. டில்லி அதனைப் பார்த்துப் படிக்கவேண்டும் எனப் பலர் அறிவுரை கூறினர். நிர்வாகத்தைப் பொறுத்தவரை அவ்வறிவுரை தக்கதே. ஆனால் அகமதாபாத்தின் திட்டக்காரர் கைக்கொண்ட ஒரு நெறி கவனத்துக்குரியது: நெரிசலான இடங்களை இணைத்தல், ஆனால் நெரிசலான வீதிகளைத் தவிர்த்தல். இதனால் தொடக்கத்திற் கார்காரரின் பகை எழவில்லை. அதே காரணத்தாற் பயணிகள் செறிந்து நின்ற பல வீதிகளைத் தடம் தொடவும் இல்லை. எவர் காலையும் மிதிக்காமல் ஓரமாகச் சென்ற தடம் புகழப்பட்டது. பயணி நின்ற இடத்துக்கே சென்ற தடம் இடிக்கப்பட்டது. ஒரு திட்டம் வெற்றியா தோல்வியா என்பதைப் பயணிகளின் தொகை தீர்மானிக்கவில்லை. காருடையோரின் அமைதி தீர்மானித்தது எனலாம்.

"டில்லியின் பஸ் சேவையே சீர்கெட்டிருந்தது, அதற்குத் தடம் எதற்கு?" என்ற கேள்வியும் எழுப்பப்படுவதுண்டு. சேவை சீர்கெட்டமை உண்மை. இந்திய உயர் நீதிமன்றம் 1998 ஆம் ஆண்டிலேயே, 2001 ஏப்ரிலுக்குள் டில்லியின் பஸ்களை 10,000 ஆகப் பெருக்குமாறு கட்டளையிட்டது. 2020 ஆம் ஆண்டிலும் பஸ்களின் தொகை அதற்கு மிகவும் கீழேயே இருந்தது. பஸ்களைப் பட்டினி போட்டுவிட்டு, மெலிந்த பஸ்ஸைக் காட்டித் தடம் தேவையில்லை என்றும், தடமில்லாமையாற் தாமதிக்கும் பஸ்ஸைக் காட்டி மேலும் பஸ்கள் தேவையில்லை என்றும் வாதிடுவது வட்டத்திற் சுழலும் தந்திரம். பயணிகள் வருவரா என முன்கூட்டி மதிப்பிடுவது திட்டமிடலின் அவசியமான அங்கம். ஆனால் அம்மதிப்பீடு வானிலை அறிவிப்புப் போன்றதன்று. பஸ் எத்தனை நிமிடத்துக்கொருமுறை வரும், தரிப்பிடத்தை அச்சமின்றி அடையலாமா, தடம் எவ்வளவு தூரம் செல்லும் ஆகிய முடிவுகளை எடுப்பவர்களே பயணிகளின் தொகையையும் முடிவு செய்கின்றனர். மழையை எவரும் ஆக்குவதில்லை. பயணிகளை ஆக்கவும் அழிக்கவும் முடியும்.

பிரேசிலின் குரிற்றிபா நகரம் 1974 இலும் கொலம்பியாவின் பொகோற்றா நகரம் 2000 ஆம் ஆண்டிலும் இதனைச் செய்துகாட்டின. அந்நகரங்கள் செல்வமிக்க தேசங்களின் நகரங்கள் என்பதாற் சாதிக்கவில்லை. வீதியின் சிறந்த இடத்தைப் பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டு, எழுந்த கூச்சலைத் தாங்கி நின்றமையாற் சாதித்தன. பொகோற்றாத் தடங்களிலும் இன்று நெரிசல் பெரிது, முறைப்பாடுகள் மிகுதி. அவை ஏறுவோர் மிகுந்தமையால் எழுந்த முறைப்பாடுகள்.

இனி இலங்கையை நோக்குமிடத்து, டில்லியின் கதை தூரத்துக் கதையாகத் தோன்றாது. மொறட்டுவையிலிருந்தும் கடுவலையிலிருந்தும் கடவத்தையிலிருந்தும் நாள்தோறும் கொழும்புக்கு வருவோரிற் பெரும்பகுதியினர் பஸ் பயணிகள். அவர்களை ஏற்றிவரும் பஸ்களோ வாகனத் தொகையிற் சிறு பகுதி. 2017 ஆம் ஆண்டில் கொழும்பின் சில வீதிகளிற் பஸ் முன்னுரிமைத் தடம் பரீட்சிக்கப்பட்டது. மாலபேயிலிருந்து கோட்டை வரை திட்டமிடப்பட்ட இலகு ரயில் 2020 செப்ரெம்பரிற் கைவிடப்பட்டது. பெருஞ்செலவுத் திட்டங்கள் ஆட்சியோடு வருகின்றன, ஆட்சியோடு போகின்றன. எஞ்சி நிற்பது பஸ்ஸும் அதன் மிதிபலகையில் தொங்கும் மனிதரும். பெருஞ் செலவின்றி அவர்களுக்குக் கொடுக்கக்கூடியது வீதியின் ஒரு தடமே. அது கொடுக்கப்படுமாயின், அடுத்த கிழமையே "வெறுமையான தடம்" என்ற படமும் வெளிவரும் என்பதில் ஐயமில்லை. அப்படத்தைக் கண்டு மயங்காதிருக்க வேண்டியோர், அத்தடத்தாற் பயனடையப்போகும் இலட்சக்கணக்கானோரும் அவர்களிடையே உள்ள பல்கலைக்கழக மாணவரும் ஆவர்.

மாணவர் செய்யக்கூடியது சிறிதன்று. புவியியலும் பொருளியலும் புள்ளிவிபரவியலும் பயில்வோர் ஒரு காலை வேளையில் ஏதேனுமொரு சந்தியில் நின்று, வாகனங்களை விடுத்து மனிதரை எண்ணட்டும். பஸ்ஸில் இருப்போரையும் நிற்போரையும் தொங்குவோரையும் எண்ணட்டும்; காரில் இருப்போரையும் எண்ணட்டும். இரு தொகைகளையும் அருகருகே எழுதி, வீதியின் அகலம் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதையும் அவற்றின் கீழ் எழுதட்டும். வீதித் திட்டம் எதுவாயினும், இத்தொகைகள் இன்றி அதனை முன்வைப்போரிடம் அவற்றைக் கேட்கட்டும். டில்லியில் அக்கேள்வி நீதிமன்றத்துள் மாத்திரமே கேட்கப்பட்டது. வீதியில் நின்ற பயணிகள் அதனைக் கேட்க ஒன்றுதிரளவில்லை. தடம் பெயர்க்கப்பட்டபோது அவர்கள் வழமைபோல் அடுத்த பஸ்ஸுக்காகக் காத்து நின்றனர்.